பழைய கேம் வாங்கப் போனால்: டார்ச், ஸ்க்ரூடிரைவர், பஞ்சுக் குச்சி

பழைய வீடியோ கேம் வாங்கக் கிளம்பும்போது என் பையில் மூன்று பொருள்கள் கட்டாயம் இருக்கும்: சின்ன டார்ச், பழைய கேம்களைத் திறப்பதற்கென்றே உள்ள 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் ஸ்க்ரூடிரைவர், நான்கைந்து பஞ்சுக் குச்சிகள். "நகை வாங்கப் போறவ உரைகல்லோட போற மாதிரி போறியே" என்று அண்ணன் கிண்டல் செய்வார். செய்யட்டும். உரைகல் இல்லாமல் போய் ஒருமுறை நன்றாக ஏமாந்தவள் நான்.

அது ஒரு பச்சைக் கேசட். கார்ட்ரிட்ஜ் என்பதுதான் முறையான பெயர். ஆனால் கேசட் என்று சொல்லியே பழகிவிட்டது, இனி மாறாது. நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம்பாய் அட்வான்ஸுக்கு 2004-இல் வந்த போகிமான் எமரால்டு. ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கினேன். லேபிள் புதுசு போல மின்னியது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், இத்தனை வருடம் பிள்ளைகள் கையில் புழங்கிய பொருள் அப்படி மின்னுமா? மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக விளையாடி, கடைசியில் வரும் எலைட் ஃபோர் நால்வரையும் ஜெயித்து, சேவ் செய்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் ஆன் செய்தால் 'நியூ கேம்' மட்டும் இருக்கிறது. விற்றவருக்கு எழுதினேன். "ஓடுதா இல்லையா? ஓடுதுல்ல?" என்று பதில் வந்தது.

ஓடத்தான் செய்தது. அசலா என்று கேட்டால் ஓடுகிறது என்று பதில் சொல்வார்கள். இதைப் பிறகு பலமுறை பார்த்துவிட்டேன். அதனால் இப்போதெல்லாம் விற்பவரிடம் அதிகம் கேட்பதில்லை. பொருளைத்தான் பார்க்கிறேன். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின. உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

கன்சோல் எந்த ஊர்க்காரர்?

கேமைத் தேடுவதற்கு முன்னால் உங்களிடம் இருக்கும் கன்சோல், அதாவது கேம் ஓட்டும் இயந்திரம், எந்தப் பிரதேசத்துக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். பழைய கன்சோல்களில் பல, வேறு பிரதேசத்து கேம்களை உள்ளே விடாது. நின்டெண்டோவின் ஜப்பானிய ஃபேமிகாம் கேசட்டுக்கு 60 பின் (உலோகத் தொடுமுனை), அதே இயந்திரத்தின் வெளிநாட்டு அவதாரமான என்ஈஎஸ்ஸுக்கு 72 பின். நேரடியாகப் பொருந்தவே பொருந்தாது. சூப்பர் நின்டெண்டோவில் அமெரிக்கக் கேசட்டின் வடிவமே வேறு. நின்டெண்டோ 64-இல் கேசட்டின் பின்பக்கப் பள்ளங்கள் இடம் மாறியிருக்கும். பிளேஸ்டேஷன் 1, 2, கேம்க்யூப் எல்லாம் டிஸ்க்கைப் படித்துப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லிவிடும்.

கையடக்கக் கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கேம்பாய், கேம்பாய் அட்வான்ஸ், பிஎஸ்பி கேம்கள் எங்கே வாங்கினாலும் ஓடும். டிஎஸ் கேம்களும் அப்படித்தான், பின்னால் டிஎஸ்ஐக்கென்றே வந்தவற்றைத் தவிர. 3டிஎஸ் வந்தபோது நின்டெண்டோ மறுபடி பூட்டுப் போட்டுவிட்டது. பிளேஸ்டேஷன் 3 கேம்கள் கிட்டத்தட்ட எல்லாமே எந்த ஊர் இயந்திரத்திலும் ஓடும்.

ஐரோப்பியப் பதிப்பு வாங்கினால் இன்னொரு சங்கதி. அந்தக் காலத்து ஐரோப்பிய டிவிக்கள் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்க, ஜப்பானிய டிவிக்கள் 60 ஹெர்ட்ஸ். பல கேம்களை அந்த வித்தியாசத்துக்கு ஏற்பத் திருத்தாமலே விற்றார்கள். விளைவு, அவை ஏறக்குறைய 17 சதவீதம் மெதுவாக ஓடும், பாட்டும் சேர்ந்து இழுக்கும். அதிலேயே விளையாடி வளர்ந்தவர்களுக்கு அதுதான் சரியான வேகம், அவர்களோடு வாதாடிப் பயனில்லை.

உங்களிடம் ஜப்பானிய இயந்திரம் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. சூப்பர் நின்டெண்டோவின் ஜப்பானிய வடிவமான சூப்பர் ஃபேமிகாமின் கேசட்டுகள் பெரும்பாலும் அமெரிக்கப் பதிப்பைவிட மலிவு. கதை நிறைய உள்ளவற்றை விட்டுவிடுங்கள், மொழி தெரியாமல் முழிக்க வேண்டும். ஆனால் 1990-இல் வந்த சூப்பர் மாரியோ வேர்ல்டுக்கும் எஃப்-ஜீரோவுக்கும் எந்த மொழி வேண்டும்?

கேமோடு கூட வேறு என்ன வேண்டும் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். டாங்கி காங் 64, மஜோராஸ் மாஸ்க் இரண்டும் நின்டெண்டோ 64-இல் எக்ஸ்பான்ஷன் பேக் என்ற கூடுதல் மெமரி இல்லாமல் ஓடாது. நின்டெண்டோ வீ (Wii) கன்சோலில் ஸ்கைவர்ட் ஸ்வார்டுக்கு மோஷன் பிளஸ் என்ற கூடுதல் கருவி வேண்டும். டக் ஹன்ட் போன்ற துப்பாக்கி கேம்கள் பழைய குண்டு டிவியில் மட்டுமே வேலை செய்யும். அந்தத் துப்பாக்கி, பிக்சர் டியூப் திரையில் படம் வரையும் விதத்தை நம்பிச் செய்யப்பட்டது. தட்டை டிவி முன்னால் நின்று என்னதான் சுட்டாலும் ஒரு வாத்தும் விழாது.

டூப்ளிகேட்டைப் பிடிப்பது

எதற்குக் கிராக்கியோ அதற்குத்தான் டூப்ளிகேட் அடிப்பார்கள். போகிமான் கேசட் எது கண்ணில் பட்டாலும், போலி என்றே வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்குங்கள். கிரிக்கெட், கால்பந்து கேம்களுக்கு யாரும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை.

முதல் சோதனைக்குப் பொருளைத் தொடவே வேண்டாம். அந்த கேம் அந்த வடிவத்தில் வந்ததா என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மதர் 3 கேம்பாய் அட்வான்ஸுக்கு 2006-இல் ஜப்பானில் மட்டுமே வந்தது. ஆங்கிலத்தில் பேசும் மதர் 3 கேசட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ரசிகர்களின் மொழிபெயர்ப்பை ஏற்றிச் செய்த நகல்தான். டெர்ரானிக்மா ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் வந்தது, அமெரிக்காவுக்குப் போகவில்லை. ஆகவே அமெரிக்க வடிவக் கேசட்டில் அதைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகரலாம். நகல் என்று சொல்லி, நகலுக்கான விலையில் விற்றால் வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம். அசல் என்று சொல்லி விற்கும்போதுதான் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

அடுத்தது டார்ச். கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டின் லேபிளைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சம் அடித்தால், அசலில் லேசாக அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் தெரியும், சிலவற்றில் கூடவே ஓர் எழுத்தும் இருக்கும். போலியில் பெரும்பாலும் இருக்காது. கீழே பின்கள் தெரியும் இடைவெளிக்குள் வெளிச்சம் அடியுங்கள். பின்களுக்கு மேலே சர்க்யூட் போர்டில் நின்டெண்டோ பெயர் அச்சாகியிருக்க வேண்டும். பிளாஸ்டிக்கையும் பாருங்கள். போகிமான் வரிசையில் ரூபி, சஃபையர், எமரால்டு மூன்றும் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நிறத்தில் வந்தவை. ஃபயர்ரெட், லீஃப்கிரீன் இரண்டிலும் ஒளி ஊடுருவாது. டிஎஸ்ஸின் ஹார்ட்கோல்டு, சோல்சில்வர் கேசட்டுகளுக்குள் அகச்சிவப்புக் கருவி உண்டு. அதனால் அவற்றின் பிளாஸ்டிக், மற்ற டிஎஸ் கேசட்டுகளின் சாம்பல் நிறத்தில் இல்லாமல் கறுப்பாக, வெளிச்சத்தில் பிடித்தால் கொஞ்சம் ஒளி விடுவதாக இருக்கும். வெறும் சாம்பல் நிறத்தில் ஒன்று கிடைத்தால் வேண்டாம்.

கடைசியில்தான் ஸ்க்ரூடிரைவர். என்ஈஎஸ், சூப்பர் நின்டெண்டோ, நின்டெண்டோ 64, பழைய கேம்பாய் கேசட்டுகளுக்கு 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் போதும். கேம்பாய் அட்வான்ஸுக்கு மூன்று கால் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். விலை அதிகமான கேசட் என்றால் "திறந்து பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் திறப்பேன். உண்மையான வியாபாரி யோசிப்பார், பிறகு சம்மதிப்பார். சிலர் சட்டென்று கேசட்டைக் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துவிடுவார்கள். அதுவும் ஒரு பதில்தான். உள்ளே போர்டில் பெயரும் ஆண்டும் அச்சாகி, கால் முளைத்த செவ்வகச் சிப்புகள் வரிசையாக இருந்தால் நல்லது. சிப்புக்குப் பதிலாகக் கறுப்புப் பிசின் சொட்டு மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம், சில அசல் கேசட்டுகளிலும் அந்தச் சொட்டு உண்டு.

டிஸ்க்கில் வேறு அடையாளங்கள். முதல் பிளேஸ்டேஷன் டிஸ்க்கின் அடிப்பக்கம் கறுப்பு. பிளேஸ்டேஷன் 2-இல் சிடியாக வந்த கேம்களுக்கு நீலம், டிவிடியாக வந்தவற்றுக்கு வெள்ளி. வீட்டில் பதிவு செய்த டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால் பதிவான பகுதிக்கும் காலிப் பகுதிக்கும் நடுவில் நிற வேறுபாடு வட்டமாகத் தெரியும்.

கீறல் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கீறல் இருக்கிறது என்பதற்காகவே ஒரு டிஸ்க்கை ஒதுக்கிவிட்டால் நிறைய நல்ல கேம்களை இழப்பீர்கள். எந்தப் பக்கம், எந்தத் திசை, எவ்வளவு ஆழம் என்பதுதான் கணக்கு.

சிடியில் தரவு இருப்பது 1.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளாஸ்டிக்கின் மேல்முனையில், படம் அச்சாகியிருக்கும் பக்கத்துக்கு ஒட்டினாற்போல. எல்லாரும் அடிப்பக்கத்தையே பார்ப்பார்கள். உயிர்நிலை மேல்பக்கத்தில் இருக்கிறது. படத்தின் மேல் ஆணியால் கீறியது போல ஒரு கோடு இருந்தால் அந்த இடத்தில் தரவே போயிருக்கலாம், எந்த மெருகும் அதைத் திருப்பித் தராது. அதனால் டிஸ்க்கைத் தூக்கி, பின்னால் டார்ச்சை வைத்துப் பாருங்கள். ஊசித் துளைகள் போல வெளிச்சம் வந்தால் உள்ளே இருக்கும் பூச்சு அரித்திருக்கிறது. டிவிடியில் தரவு 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டின் நடுவே பத்திரமாக இருக்கிறது. அதனால் மேல்பக்கக் கீறலுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம்.

அடிப்பக்கத்தில் நடுவிலிருந்து வெளியே ஓடும் கீறலை இயந்திரம் பெரும்பாலும் சமாளித்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் மறைகிறது, அதைப் பிழைதிருத்தம் பார்த்துக்கொள்ளும். வட்டமாக ஓடும் கீறல்தான் கெட்டது, தொடர்ச்சியாக ஒரே தடத்தைத் தின்றுவிடும். எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்குகளில் காம்பஸ் வைத்துப் போட்டது போன்ற வட்டம் இருப்பதைப் பார்க்கலாம். டிஸ்க் சுற்றும்போது யாரோ இயந்திரத்தைத் தூக்கி நகர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை வாங்காதீர்கள்.

அடிப்பக்கத்துச் சாதாரணக் கீறல்களை இயந்திரத்தில் தேய்த்து மெருகேற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். சிடி, டிவிடிக்குச் சரி. பிளேஸ்டேஷன் 3-இன் ப்ளூ-ரேக்கு அந்த வைத்தியம் செல்லாது. அதில் தரவு மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, தேய்த்தால் தரவுக்கே ஆபத்து. பிளேஸ்டேஷன் 3 டிஸ்க்குகள் கீறல் தாங்கும் பூச்சோடு வருவதால் பொதுவாகச் சுத்தமாகவே இருக்கும். இல்லாவிட்டால் வேறொரு பிரதி தேடுவது மேல்.

ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் உள்ள கேம்களில் எல்லாவற்றையும் எண்ணிப் பாருங்கள். ஃபைனல் ஃபேண்டஸி ஏழுக்கு மூன்று. என் அத்தை மகன் இரண்டோடு வாங்கி வந்து, பல மாதம் கழித்துத்தான் மூன்றாவது இல்லை என்று கண்டுபிடித்தான். அதுவரை பெட்டியை முழுசாகத் திறந்தே பார்க்கவில்லையாம்.

பெட்டி எனக்கு அலங்காரம்தான், தனிக் கேசட் போதும். ஆனால் சில கேம்களுக்குப் பெட்டியிலும் காகிதத்திலும் விடை இருக்கிறது. 1998-இல் வந்த மெட்டல் கியர் சாலிட் ஓரிடத்தில் ஒரு ரேடியோ அலைவரிசையை 'சிடி பெட்டியின் பின்பக்கம்' பார்க்கச் சொல்லும். அது நிஜமான பெட்டியின் பின் அட்டை, அங்கே ஒரு படத்தில் 140.15 என்று இருக்கும். ஸ்டார்டிராபிக்ஸில் கூடவே வந்த கடிதத்தைத் தண்ணீரில் நனைத்தால்தான் 747 என்ற எண் தெரியும். யாரோ 1990-களிலேயே நனைத்திருப்பார்கள், நீங்கள் இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி

பழைய கேசட்டுகளில் பல, சேவ் செய்ததை நினைவில் வைக்க உள்ளே ஒரு பட்டன் பேட்டரியை நம்பியிருக்கின்றன. சூப்பர் நின்டெண்டோவில் அது பொதுவாக சிஆர்2032. முப்பது வருடமான பேட்டரி செத்திருந்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. போகிமான் கோல்டு, சில்வர் கேசட்டுகளில் அதே பேட்டரி கடிகாரத்தையும் ஓட்டுவதால் அவை இன்னும் சீக்கிரம் தீரும்.

செத்த பேட்டரி விலையைக் குறைக்க ஒரு காரணம், வேண்டாம் என்று சொல்லக் காரணமில்லை. சால்டரிங் செய்யத் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை. காதுத் தகடு (சால்டர் வைக்க நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் தகடு) ஏற்கெனவே ஒட்டிய பேட்டரியாக வாங்குங்கள், பட்டன் பேட்டரியின் மேலேயே நேரடியாகச் சூடு வைக்கக் கூடாது. டேப் போட்டு ஒட்டிவைத்த கேசட்டுகளும் வரும். கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் ஒரு தட்டு தட்டினால் சேவ் போய்விடும். பேட்டரியைக் கழற்றினால் பழைய சேவும் போகும் என்பதை மறக்க வேண்டாம். முன்பின் தெரியாத ஒரு பிள்ளை தன் பெயர் வைத்து முக்கால்வாசி முடித்த ஆட்டத்தை அழிக்க எனக்கு ஒவ்வொரு முறையும் கை கொஞ்சம் தயங்கும்.

விலை, தேடும் இடம்

விற்பவர் கேட்கும் விலை ஆசை, விற்றுப்போன விலைதான் உண்மை. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லலாம். அதில் கடைசியாகப் போன ஏழெட்டைப் பாருங்கள், தனிக் கேசட்டைத் தனிக் கேசட்டோடும் முழுப் பெட்டியை முழுப் பெட்டியோடும் ஒப்பிடுங்கள். 2021 ஜூலையில் பிரிக்கப்படாத சூப்பர் மாரியோ 64 ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்திக்குப் பிறகு, லேபிள் கிழிந்த மாரியோ 64 வைத்திருப்பவர்கூட என்னிடம் அதைச் சொல்லிக் காட்டுகிறார். அந்த கேம் ஒரு கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்றது ஐயா, எங்கே திரும்பினாலும் இருக்கிறது.

பிளாட்டினம், கிரேட்டஸ்ட் ஹிட்ஸ், பிளேயர்ஸ் சாய்ஸ் என்று பெட்டியில் போட்டிருந்தால் மறுபதிப்பு. சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், அதனாலேயே மலிவு. விளையாட நினைப்பவர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

எனக்குக் கிடைத்த நல்லவை பெரும்பாலும் கேமைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களிடம்தான் கிடைத்தன. வீடு மாறுபவர்கள், பரண் ஒழிப்பவர்கள், மகன் வேலைக்குப் போனபின் அலமாரியைக் காலி செய்யும் அம்மாக்கள். அவர்கள் விளம்பரத்தில் கேமின் பெயர் இருக்காது. 'பழைய வீடியோ கேம் கேசட் 12' என்று இருக்கும், அல்லது பெயரில் எழுத்துப்பிழை இருக்கும். ஆகவே பெயரைத் தப்புத் தப்பாகவும் தேடுங்கள். மொத்தமாக ஒரு பெட்டி கிடைத்தால் வாங்கி, வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடுவது என் வழக்கம். அதில் பாதி வருடாந்திர கால்பந்து கேமாக இருக்கும் என்பதையும் மனதில் வைத்தே விலை பேசுங்கள்.

நேரில் பார்க்க முடியாவிட்டால் படம் கேளுங்கள்: முன், பின், பின்கள், டிஸ்க்கின் இரு பக்கமும், பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டு. சீட்டு வைத்துப் படம் எடுக்கச் சோம்பல்படுபவர் கேமை ஒழுங்காகக் கட்டி அனுப்பவும் மாட்டார். 'சோதித்துப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தால், சோதித்துப் பார்த்தார், ஓடவில்லை என்றே படியுங்கள். அதற்கான விலை மட்டும் கொடுங்கள். பணத்தைத் திரும்பப் பெற வழியுள்ள முறையில் மட்டும் செலுத்துங்கள். என் பச்சைக் கேசட்டுக்கு அப்படிச் செலுத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஊதாதீர்கள். நாம் எல்லாரும் ஊதியவர்கள்தான், ஆனால் வாயின் ஈரம் பின்களை அரிக்கும், நின்டெண்டோவே ஊத வேண்டாம் என்றுதான் சொன்னது. பஞ்சுக் குச்சியில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுப் பின்களைத் தேயுங்கள். முதல் குச்சி கறுப்பாக வரும், நான்காவது ஓரளவு வெள்ளையாக வரும். காய்ந்தபின் போட்டுப் பாருங்கள். டிஸ்க் என்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடையுங்கள், சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டாம். பிறகு கொஞ்சம் விளையாடி, சேவ் செய்து, அணைத்து, கேசட்டைக் கழற்றி ஒருநாள் வைத்திருந்து மறுபடி போடுங்கள். திருப்பித் தருவதானால் அதற்குள் தந்துவிடலாம்.

எமரால்டைப் போன வருடம் மறுபடி வாங்கினேன், இந்தமுறை நேரில். லேபிளின் ஒரு மூலை உரிந்திருந்தது, சாய்த்துப் பிடித்தால் எண் தெரிந்தது, பின்களுக்கு மேலே பெயர் இருந்தது. ஆன் செய்ததும் உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று திரையில் வந்தது. விற்ற பெண் பதறிப்போய் விலையைக் குறைத்துவிட்டார். அசலில் சேவ் இருப்பது ஃபிளாஷ் மெமரியில், பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான் என்று விளக்கிச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. எலைட் ஃபோரை மறுபடி ஜெயித்து எட்டு மாதம் ஆகிறது, சேவ் அப்படியே இருக்கிறது. கடிகாரம் ஓடாததால் நட்ட பெர்ரிகள் மட்டும் வளராமல் நிற்கின்றன. சிஆர்1616 ஒன்று காதுத் தகட்டோடு வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.